2147483647: ஒரு எண்ணின் வரலாறு

டிஸ்கி: கணக்குன்னாலே காத தூரம் ஓடுறவங்க பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல் தெரிஞ்சா போதும். பதிவு கொஞ்சம் நீளம், அதனால காபி, டீ ஏதாவது கையில எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

பொட்டி தட்டிப் பொழைக்கிற எங்க கூட்டத்துல யாரை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் ஒரு எண்ணைத் தூக்கத்துலயே ஒப்பிச்சிடுவாங்க. 2147483647. நம்ம ஊர்க் கணக்குல சொன்னா 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 32 பிட் இடத்துல கூட்டல், கழித்தல் குறியோட எழுதக்கூடிய முழு எண்கள்ல இதுதான் பெரிசு. இதுக்கு மேல ஒண்ணு கூட்டினா கணக்கு தலைகீழா கவுந்து கழித்தல் பக்கம் போயிடும். எங்களுக்கு இந்த எண் ஒரு எல்லைச் சுவர், அவ்வளவுதான்.

ஆனா கம்ப்யூட்டர்னு ஒண்ணு வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே இந்த எண் ஐரோப்பாவில பெரிய பிரபலம். அந்தக் காலத்துல இதுக்கு ஒரு பட்டமே இருந்துச்சு: மனுஷனுக்குத் தெரிஞ்சதுலயே பெரிய பகா எண். அதை வெச்சு, 'இதுக்கு மேல எவனும் தேடப் போறதில்லை, தேடி என்ன பிரயோஜனம்'னு 1811-ல ஒருத்தர் புத்தகத்துலயே எழுதி வெச்சார். அந்தப் பிரயோஜனம் என்ன ஆச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு.

*ஜாதகம்*

சதுரங்கப் பலகையில முதல் கட்டத்துல ஒரு நெல், அடுத்த கட்டத்துல ரெண்டு, அதுக்கடுத்து நாலுன்னு வெச்சுக்கிட்டே போற கதை எல்லாருக்கும் தெரியும். 64 கட்டமும் வேண்டாம், 31-வது கட்டத்தோட நிறுத்திக்குங்க. அதுவரைக்கும் வெச்ச நெல்லை எல்லாம் கூட்டினா வர்றது 2147483647. அதாவது ரெண்டை 31 தடவை பெருக்கி, அதுல ஒண்ணைக் கழிச்சா இந்த எண். சுருக்கமா 2^31 - 1.

இப்படி ரெண்டின் அடுக்குல ஒண்ணு குறைச்சு வர்ற எண்களுக்கு மெர்சென் எண்கள்னு பேரு. அது பகா எண்ணாவும் இருந்துட்டா மெர்சென் பகா எண். 3, 7, 31, 127, 8191, 131071, 524287, அதுக்கடுத்து எட்டாவதா நம்ம ஆள்.

பகா எண்கள் எல்லாத்தையும் 2, 3, 5, 7ன்னு வரிசையா நிக்க வெச்சா இதோட இடம் 10,50,97,565. பத்து கோடிக்கு மேல உள்ள கியூவில நிக்கிறவருக்கு இவ்வளவு மரியாதை எதுக்குன்னு கேட்டா, காரணம் அந்த 2^31 - 1 என்கிற உருவம்தான்.

யூக்ளிட் காலத்துலயே (கி.மு. 300 வாக்கில்) ஒரு விஷயம் தெரியும். ஒரு மெர்சென் பகா எண் கிடைச்சா, அதை வெச்சு ஒரு 'நிறைவெண்' செய்யலாம். நிறைவெண்ணுன்னா, தன்னைத் தவிர மத்த வகு எண்களைக் கூட்டினா தானே திரும்ப வர்ற எண். 6-ஐ எடுத்துக்குங்க: 1 + 2 + 3 = 6. 28-ம் அப்படித்தான். 2147483647-ஐ 2^30-ஆல பெருக்கினா வர்றது 2305843008139952128. பத்தொன்பது இலக்கம். இது எட்டாவது நிறைவெண். இரட்டைப்படை நிறைவெண் எதை எடுத்தாலும் அது இந்த மாதிரிதான் பிறந்திருக்கணும்னு பின்னாடி ஆய்லர் நிரூபிச்சார்.

அந்தக் காலத்துல மெர்சென் பகா எண்ணைத் தேடினவங்க பெரும்பாலும் நிறைவெண்ணைத்தான் தேடினாங்க. அதுக்கு ஒரு தெய்வீக அந்தஸ்து இருந்துச்சு. ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சார், நிலா பூமியைச் சுத்த 28 நாள்னெல்லாம் வியாக்கியானம் சொல்லிக்கிட்டிருந்தாங்க. (நம்ம ஊர் நியூமராலஜிக்காரங்களுக்கு அங்கேயும் பங்காளிங்க உண்டு.)

*பாதிரியாரின் பட்டியல்*

அடுக்கு பகா எண்ணா இல்லைன்னா 2^ப - 1 பகா எண்ணா இருக்கவே முடியாது. 6-ஐ 2-ம் 3-ம் வகுக்கும், அதனால 2^6 - 1 = 63-ஐ 3-ம் 7-ம் வகுத்துடும். சரி, அடுக்கு பகா எண்ணா இருந்தா போதுமா? போதும்னுதான் ரொம்ப காலம் பலர் நம்பினாங்க. 1536-ல ரீகியுஸ் என்பவர் 2^11 - 1 = 2047 = 23 × 89-னு போட்டு அந்த நம்பிக்கையை உடைச்சார்.

அடுத்து இத்தாலியில கட்டால்டி. 1588-ல 2^17 - 1, 2^19 - 1 ரெண்டும் பகா எண்ணுன்னு கண்டுபிடிச்சார். வழி ரொம்ப எளிமை, ஆனா முதுகு உடையும். 2^19 - 1 = 524287. இதோட வர்க்கமூலம் 724 சொச்சம். 724 வரைக்கும் உள்ள ஒவ்வொரு பகா எண்ணாலயும் வகுத்துப் பார்க்கணும், எதுவும் வகுக்கலைன்னா பகா எண். அதுக்காக 750 வரைக்கும் பகா எண் அட்டவணையும் தயார் பண்ணி வெச்சிருந்தார். அதோட நிறுத்தியிருந்தா நல்ல பேரோட போயிருப்பார். 23, 29, 31, 37 அடுக்குகளும் பகா எண் தரும்னு வகுத்துப் பார்க்காமலே சொல்லிட்டார். அந்த நாலுல 31 மட்டும்தான் சரி.

1640-ல ஃபெர்மா அதுல ரெண்டைக் கவுத்தார். அவர் பிடிச்ச சூத்திரம் இந்தக் கதைக்கு உயிர்நாடி, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. 2^ப - 1-ஐ (ப ஒற்றைப்படைப் பகா எண்) ஒரு பகா எண் வகுக்குதுன்னா, அந்த வகு எண் 2 × ப × ஏதோ ஒரு எண் + 1 என்கிற உருவத்துலதான் இருக்கணும். 23-க்கு முதல் ஆள் 47. வகுத்தா போகுது! 37-க்கு மூணாவது ஆள் 223. அதுவும் போகுது. 29-ஐ 1730-களில ஆய்லர் கவுத்தார், 233-ஆல.

நடுவில 1644-ல பாரிஸ்ல மெர்சென் என்கிற பாதிரியார் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஐரோப்பிய விஞ்ஞானிங்க எல்லாரும் இவருக்குத்தான் கடிதம் எழுதுவாங்க, இவர் அதை மத்தவங்களுக்குச் சொல்லுவார். ஒரு ஆள் நடத்தின திரட்டின்னு வெச்சுக்கலாம் :-) அவர் பட்டியல்ல இருந்த அடுக்குகள்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. 257 வரைக்கும் வேற எதுவும் கிடையாதுன்னு அடிச்சும் சொன்னார்.

257-வது அடுக்குன்னா 78 இலக்க எண். அதை அவர் வகுத்துப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. 15, 20 இலக்க எண் ஒண்ணு பகா எண்ணான்னு பார்க்க மொத்த காலமும் பத்தாதுன்னு அவரே எழுதியிருக்கார்! அந்தப் பட்டியலைச் சரிபார்க்க 300 வருஷம் ஆச்சு. 67-ம் 257-ம் தப்பு. 61, 89, 107 விட்டுப்போச்சு. இவ்வளவு ஓட்டை இருந்தும் பேரு மட்டும் அவருக்கே நிலைச்சிடுச்சு.

அப்போ 31? மெர்சென் சொன்னார், கட்டால்டி சொன்னார். ரெண்டு பேருமே வேற இடத்துல தப்பு பண்ணினவங்க. அவங்க வாக்கை எப்படி நம்புறது?

*ஆய்லரின் கழித்துக்கட்டல்*

இங்கதான் ஆய்லர் வர்றார். கட்டால்டி பாணியில போனா, 2147483647-இன் வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுக்குள்ள சுமார் 4,800 பகா எண் இருக்கு. ஒவ்வொண்ணாலயும் பத்து இலக்க எண்ணைக் கையால வகுக்கணும். நாளைக்குப் பத்து கணக்கு போட்டாலும் ஒண்ணேகால் வருஷத்துக்கு மேல ஆகும்.

ஆய்லர் முதல்ல ஃபெர்மா சூத்திரத்தை எடுத்தார். வகு எண் 62-இன் மடங்கோட ஒண்ணு கூட்டின மாதிரி இருக்கணும். அதாவது 63, 125, 187, 249... இப்படி. 46340-க்குள்ள 747 எண்தான் வரும். அடுத்து இன்னொரு சல்லடை. 2^31-ஐ அந்த வகு எண்ணால வகுத்தா மீதி 1. அப்போ 2^32-ஐ வகுத்தா மீதி 2. 2^32 என்பது 2^16-இன் வர்க்கம். ஆக, அந்த வகு எண்ணோட உலகத்துல 2-க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கு. அந்த மாதிரி ஒற்றைப்படைப் பகா எண்களை 8-ஆல வகுத்தா மீதி 1 அல்லது 7 மட்டும்தான் வரும்.

ரெண்டு சல்லடையையும் சேர்த்துப் போட்டா மிஞ்சுறது 248-இன் மடங்கோட 1 கூட்டினது, இல்லைன்னா 63 கூட்டினது. மொத்தமே சுமார் 370 எண். அதுலயும் 63, 249, 497 மாதிரி பகு எண்களைத் தூக்கிப் போட்டுட்டா எண்பது சொச்சம்தான் மிச்சம். முதல் ஆள் 311. வகுத்துப் பாருங்க, 35 மீதி வரும். அடுத்த ஆள் 1303. இப்படியே 46340 வரைக்கும் போனா ஒருத்தர் கூட வகுக்க மாட்டார்.

4,800 கணக்கு எண்பது சொச்சமா சுருங்கிடுச்சு. ஒண்ணேகால் வருஷ வேலை ஒரு வாரத்து வேலையா ஆயிடுச்சு. நாங்க ப்ரோக்ராம் எழுதுறப்ப மெஷின் மெதுவா ஓடுதுன்னு இன்னும் வேகமான மெஷின் கேட்போம். இந்த மனுஷன்கிட்ட இருந்த மெஷின் அவர் தலை மட்டும்தான். அதனால வேலையைக் குறைச்சார்.

இந்த முடிவை அவர் பெர்னூலி குடும்பத்துல ஒருத்தருக்கு எழுதின கடிதம், பெர்லின் அகாடமியோட 1772-ம் வருஷத் தொகுதியில வந்துச்சு. அப்போ ஆய்லருக்கு 65 வயசு, இருந்தது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல. ஒரு கண் பார்வை முப்பது சொச்சம் வயசுலயே போயிடுச்சு. இன்னொரு கண்ணுக்கு 1771-ல ஆபரேஷன் பண்ணி, கொஞ்ச நாள்ல அதுவும் போச்சு. அதே வருஷம் ஊரே பத்தி எரிஞ்சதுல இவர் வீடும் போச்சு. அதுக்கப்புறமும் மனசுக்குள்ளயே கணக்கு போட்டு, சொல்லச் சொல்ல எழுத ஆள் வெச்சு, கட்டுரையாத் தள்ளிக்கிட்டிருந்தார்.

இளமையில அவரும் 41, 47 அடுக்குகள் பகா எண் தரும்னு தப்பா எழுதினவர்தான். பின்னாடி அவரே திருத்திக்கிட்டார். மெர்சென் பட்டியலுக்கும் ஆய்லர் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கதான் எனக்குப் படுது. ஆய்லர் சொன்னதை நீங்களும் நானும் ஒரு நோட்டும் பேனாவும் வெச்சுக்கிட்டுச் சரிபார்க்கலாம், அவரை நம்பணும்னு அவசியமே இல்லை.

*'இதுக்கு மேல யாரும் தேட மாட்டாங்க'*

1588-ல கட்டால்டி பிடிச்ச 524287 கிட்டத்தட்ட 184 வருஷம் சாம்பியனா இருந்துச்சு. அதை வீழ்த்தின 2147483647 அடுத்த எண்பது வருஷத்துக்கும் மேல பட்டத்தைத் தக்க வெச்சுக்கிச்சு.

அந்தக் காலத்துல, 1811-ல, பீட்டர் பார்லோ என்கிற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் எண் கோட்பாடு பத்தி ஒரு புத்தகம் போட்டார். வர்க்கம், கனம், வர்க்கமூலம் எல்லாம் அடங்கின 'பார்லோ அட்டவணை' போட்ட அதே பார்லோ. 2147483647-இல இருந்து பிறக்கிற அந்த 19 இலக்க நிறைவெண்ணைப் பத்திச் சொல்லிட்டு, இனிமே கண்டுபிடிக்கப்படப் போறதுலயும் இதுவே பெரிசா இருக்கும்னார். காரணம்? இதெல்லாம் வெறும் வேடிக்கை, உபயோகம் கிடையாது, அதனால இதுக்கு மேல எவனும் மெனக்கெட மாட்டான்.

மனுஷனோட கிறுக்குத்தனத்தை ரொம்பக் குறைச்சு மதிப்பிட்டுட்டார் பார்லோ :-)

1876-ல பிரான்ஸ்ல எத்வார் லூகா 2^127 - 1 பகா எண்ணுன்னு நிரூபிச்சார். 39 இலக்கம். அவர் வகுக்கவே இல்லை, வேற வழி பிடிச்சார். 1930 வாக்கில் அமெரிக்கர் லேமர் அதைச் செம்மைப்படுத்தினார். 4-ல ஆரம்பிங்க. வர்க்கப்படுத்தி ரெண்டைக் கழிங்க, சோதிக்க வேண்டிய எண்ணால வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்குங்க. இதையே திரும்பத் திரும்ப, அடுக்கை விட ரெண்டு குறைவான தடவை செய்யுங்க. கடைசியில பூஜ்யம் வந்தா பகா எண். 31-க்கு (2^5 - 1) செஞ்சு பார்க்கலாம், மூணு தடவை. 4 → 14 → 8 → 0. வந்துடுச்சு! 2147483647-க்கு 29 தடவை செய்யணும். எண்பது சொச்சம் வகுத்தலும் தேவையில்லை.

1883-ல ரஷ்யாவில பெர்வூஷின் என்கிற பாதிரியார் மெர்சென் விட்டுவிட்ட 61-ஐப் பிடிச்சார். 1903-ல அமெரிக்காவில கோல் 2^67 - 1-ஐ 193707721 × 761838257287-னு உடைச்சுக் காட்டினார். 1952-ல ராஃபேல் ராபின்சன் ஸ்வாக் கம்ப்யூட்டரை வெச்சு ஒரே வருஷத்துல அஞ்சு மெர்சென் பகா எண் எடுத்தார். 1996-ல ஆரம்பிச்ச கிம்ப்ஸ் திட்டத்துல ஆயிரக்கணக்கான பேர் தங்களோட கம்ப்யூட்டர் சும்மா இருக்கிற நேரத்தைத் தானம் பண்ணித் தேடுறாங்க. 2024 அக்டோபர்ல லூக் டுரான்ட் என்பவர் அதுல கண்டுபிடிச்சது 2^136279841 - 1. 4,10,24,320 இலக்கம். எல்லாத்துக்கும் சோதனையோட அடிப்படை லூகா போட்ட பாதைதான்.

*அக்கம்பக்கத்து வீடுகள்*

வகைப்பாடுன்னு பார்த்தா நம்ம எண்ணுக்கு இன்னொரு பெருமை உண்டு. அடுக்கா இருக்கிற 31-ஏ ஒரு மெர்சென் பகா எண். அதனால 2^31 - 1 'இரட்டை மெர்சென் பகா எண்'. இந்தச் சாதியில இதுவரைக்கும் தெரிஞ்சது நாலே பேர்: 7, 127, 2147483647, அப்புறம் லூகாவோட 2^127 - 1.

சரி, இன்னொரு படி ஏறி 2147483647-ஐயே அடுக்கா வெச்சா? 2^2147483647 - 1. எழுதினா 64 கோடி இலக்கத்துக்கு மேல போகும். இது பகா எண் இல்லை. 295257526626031 இதை வகுத்துடும். ஃபெர்மா சூத்திரம் ஞாபகம் இருக்கா? இந்த வகு எண் சரியா 2 × 2147483647 × 68745 + 1. 1640-ல எழுதின விதி 64 கோடி இலக்க எண்ணுலயும் பிசகாம நிக்குது!

பக்கத்து வீட்டுக்காரங்களையும் பார்த்துடுவோம். ரெண்டு வித்தியாசத்துல ஜோடியா வர்ற பகா எண்களை இரட்டைப் பகா எண்கள்னு சொல்லுவாங்க. நம்ம ஆளுக்கு அந்த ஜோடி கிடையாது. இடப்பக்கம் 2147483645, அஞ்சுல முடியுது. வலப்பக்கம் 2147483649, மூணால வகுபடும். கீழ்ப்பக்கம் கிட்டத்துல இருக்கிற பகா எண் 2147483629.

இதை ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டினா 4294967295, குறி இல்லாத 32 பிட் எண்களோட எல்லை. அதை உடைச்சா 3 × 5 × 17 × 257 × 65537. இதுவரைக்கும் தெரிஞ்ச ஃபெர்மா பகா எண்கள் அஞ்சும் ஒண்ணா வந்து நிக்குது! கவுஸ் சொன்ன கணக்குப்படி, அளவுகோலும் காம்பஸும் மட்டும் வெச்சு வரையலாம்னு தெரிஞ்ச ஒற்றைப்படைப் பக்கச் சீர்பலகோணங்கள்ல பெரிசு 4294967295 பக்கம் உள்ளது. (வரைஞ்சா வட்டம் மாதிரிதான் தெரியும்.) அதுக்கு ரெண்டு தள்ளி 4294967297. இது பகா எண்ணுன்னு ஃபெர்மா நம்பினார். 641 × 6700417-னு 1732-ல உடைச்சவர் யாரு? அதே ஆய்லர்.

*பொட்டிக்குள்ள வந்த கதை*

32 பிட்ல ஒண்ணு குறிக்குப் போயிடும், மிச்சம் 31. அதுல எல்லாத்தையும் 1 ஆக்கினா 2147483647. 1964-ல வந்த ஐபிஎம் சிஸ்டம் 360 காலத்துல இருந்து 32 பிட் அளவு பரவினதால, இந்த எண்ணும் கூடவே ஒட்டிக்கிட்டு எல்லா இடத்துக்கும் வந்துடுச்சு. கணித அழகைப் பார்த்து யாரும் இதைத் தேர்ந்தெடுக்கலை. 8 பிட்டோட எல்லை 127, பகா எண். 16 பிட் 32767 = 7 × 31 × 151, பகா எண் இல்லை. 32 பிட் பகா எண். 64 பிட் 9223372036854775807, ஏழால வகுபடும். 128 பிட்? லூகாவோட பகா எண்!

இந்தச் சுவர்ல முட்டிக்கிட்டவங்க பட்டியல் பெரிசு. பழைய மைஎஸ்க்யூஎல்ல சாதாரண இன்ட் வகையில செல்பேசி எண்ணைப் போட்டா, நம்ம ஊர்ப் பத்து இலக்க எண்கள் உள்ள அடங்காது. கண்டிப்பான சோதனை முறை போடலைன்னா சத்தமே இல்லாம எல்லையில வெட்டி எழுதிடும். ஊர்ல உள்ள எல்லாருக்கும் ஒரே நம்பர், 2147483647! இணையத்துல இந்தக் கேள்வியைக் கேட்காத புதுமுகமே கிடையாது.

2014 டிசம்பர்ல 'கங்னம் ஸ்டைல்' பாட்டைப் பார்த்தவங்க எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டி, யூட்யூப் 64 பிட்டுக்கு மாறினதா அறிவிச்சாங்க. அது சிரிப்புச் செய்தி. சிரிக்க முடியாதது 2015-ல வந்துச்சு. போயிங் 787 விமானத்துல மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்துற கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்துலயே இருந்தா, உள்ள இருக்கிற ஒரு கவுன்ட்டர் நிரம்பி வழிஞ்சு, பறந்துக்கிட்டிருக்கும்போதே மொத்த மாற்றுமின்சாரமும் போயிடலாம்னு அமெரிக்க விமானத்துறை உத்தரவு போட்டுச்சு. விநாடியில நூத்துல ஒரு பங்கை ஒண்ணு ஒண்ணா எண்ணிப் பாருங்க. 2147483647-ஐத் தாண்ட சரியா 248 நாளும் அரை நாளும் சொச்சம். (ஆய்லர் சல்லடையிலயும் 248 வந்துச்சு இல்லையா? சம்பந்தம் ஒண்ணும் இல்லை, வெறும் தற்செயல்.)

*பகா எண்ணா இருந்ததால என்ன லாபம்?*

இதுவரைக்கும் சொன்ன எதுக்கும் இது பகா எண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லை. எல்லையா இருந்தா போதும். அப்போ பார்லோ சொன்னது சரிதானா?

கம்ப்யூட்டருக்குள்ள தாயக்கட்டை உருட்டணும்னா என்ன பண்றது? விளையாட்டுக்கும் வேணும், அணுக்கரு ஆய்வுக்கும் வேணும். லேமர் (அதே லேமர்தான்!) 1949-ல ஒரு வழி சொன்னார். ஒரு எண்ணை எடுங்க, ஒரு நிலையான எண்ணால பெருக்குங்க, இன்னொண்ணால வகுத்து மீதியை வெச்சுக்குங்க. அந்த மீதிதான் அடுத்த எண்.

எதால வகுக்கிறதுங்கிறதுலதான் சூட்சுமம். 1960-கள்ல ஐபிஎம் மெஷின்கள்ல ரேண்டு என்கிற நிரல் இருந்துச்சு. அது 65539-ஆல பெருக்கி 2^31-ஆல வகுக்கும். கம்ப்யூட்டருக்குச் சுலபம்னு எடுத்தது. விளைவு பயங்கரம். அது தர்ற எண்களை மூணு மூணா எடுத்து ஒரு கனசதுரத்துக்குள்ள புள்ளியா வெச்சா, எல்லாப் புள்ளியும் பதினஞ்சே தட்டுல அடுக்கி வெச்ச மாதிரி நிக்கும். அந்த நிரலை நம்பி வருஷக்கணக்கா நடந்த ஆய்வு முடிவுகள் எல்லாம் சந்தேகத்துக்கு ஆளாச்சு.

அதுல ஒண்ணைக் குறைச்சு 2^31 - 1-ஆல வகுத்தா? அது பகா எண்ணுங்கிறதால மீதி பூஜ்யமாவே ஆகாது. பெருக்குற எண்ணைச் சரியாத் தேர்ந்தெடுத்தா, 1-ல இருந்து 2147483646 வரைக்கும் எல்லா எண்ணும் ஒரு தடவை வந்த பிறகுதான் முதல் எண் திரும்ப வரும். 1969-ல ஐபிஎம் 360-க்காக லூயிஸ், குட்மேன், மில்லர் மூணு பேரும் 16807-ஐ (7-இன் அஞ்சாம் அடுக்கு) எடுத்தாங்க. 1988-ல பார்க்கும் மில்லரும் இதைக் குறைந்தபட்சத் தரமா எல்லாரும் வெச்சுக்கலாம்னு எழுதினாங்க. எழுதின நிரல் சரியான்னு பார்க்க ஒரு சோதனையும் உண்டு: 1-ல ஆரம்பிச்சு பத்தாயிரம் தடவை ஓட்டினா 1043618065 வரணும். சி ப்ளஸ் ப்ளஸ் தரத்துல 2011-ல இருந்து இது அதிகாரபூர்வமா உட்கார்ந்திருக்கு. ரகசியக் குறியீட்டுக்கு இது லாயக்கில்லை, பெரிய ஆய்வுகளுக்கு 2^19937 - 1 என்கிற இன்னொரு மெர்சென் பகா எண்ணை வெச்சு மெர்சென் ட்விஸ்டர் வந்துடுச்சு. பைத்தான்ல இயல்பா உள்ள தாயக்கட்டை அதுதான்.

ஆக, 1772-ல ஒரு கிழவர் எழுதின கடிதத்துல இருந்த ஒரு வரி சரியா இருக்கப்போய்தான் இத்தனை பொட்டிக்குள்ள தாயம் ஒழுங்கா உருளுது. பார்லோ சொன்ன 'உபயோகமில்லை' 158 வருஷம் கழிச்சு உபயோகமா ஆயிடுச்சு. ஆய்லருக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை. தெரிஞ்சா கூடுதலா ரெண்டு மடங்கு கவனமா வகுத்திருப்பாரா? இருக்காதுன்னுதான் தோணுது. அவர் எப்பவுமே அதே கவனத்தோடதான் வகுத்திருப்பார்.

*2038*

கடைசியா ஒரு தேதி. யுனிக்ஸ் கடிகாரம் 1970 ஜனவரி 1-ல இருந்து விநாடிகளை எண்ணுது. முதல்ல விநாடியில அறுபதுல ஒரு பங்கை எண்ணிக்கிட்டிருந்தாங்க. ரெண்டேகால் வருஷத்துலயே 32 பிட்டும் நிரம்பிடும்னு பார்த்து விநாடிக்கு மாத்தினாங்க. அந்த விநாடிக் கணக்கு 2147483647-ஐத் தொடுறது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம்ம ஊர் நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. அடுத்த விநாடி, 32 பிட்லயே இருக்கிற பொட்டிகள் 1901 டிசம்பர் 13-க்குப் போயிடும்.

64 பிட் மெஷின்களுக்குக் கவலை இல்லை. 32 பிட் மெஷின்களுக்கும் லினக்ஸ் கெர்னல் 2020-ல வந்த 5.6 பதிப்புல வழி பண்ணிட்டாங்க. பிரச்சினை, யாரும் திறந்தே பார்க்காத பழைய கருவிகள்லயும், யாரோ எப்பவோ எழுதி மறந்த நிரல்கள்லயும்தான். ஒய்2கே வந்தப்ப நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு வேலை கிடைச்சுது. இதுக்கும் கிடைக்கலாம் :-)

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள்ள உங்க கையில இருக்கிற பழைய நிரல்ல நேரத்தை எந்த வகையில வெச்சிருக்கீங்கன்னு ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க. யாரோ பார்த்திருப்பாங்கன்னு விட்டுடாதீங்க. மெர்சென் பட்டியல் அப்படித்தான் 300 வருஷம் ஓடுச்சு.

பி.கு.: 311-ஆல வகுத்து 35 மீதி வருதான்னு நிஜமாவே போட்டுப் பார்த்தவங்க பின்னூட்டத்துல கை தூக்குங்க. 1303-க்கு என்ன மீதின்னு சொல்றவங்களுக்குப் பெசன்ட் நகர் பீச்ல மிளகாய் பஜ்ஜி என் செலவு.